லட்டுவின் பல்

"அம்மா, லட்டு செத்துடுமோன்னு பயமா இருக்கு."

பொன்னுரங்கம் கூண்டைத் தயாபரி அம்மாவின் முன்னால் வைத்தார். லட்டு ஒரு ஹாம்ஸ்டர், எலி மாதிரி ஒரு செல்லப் பிராணி. வெளிநாடு போன மகள் விட்டுப்போனது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆசிரமத்தில் சேர வந்தவர் அதை மட்டும் விட்டுவர முடியாமல் தூக்கி வந்திருந்தார்.

அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் ஆசிரமத்துக்கு அவர்தான் குரு.

"சாப்பிடுதா?"

"கிட்ட போகுது, மோந்து பாக்குது, திரும்பிடுது. பல்லு வேற மஞ்சளாயிடுச்சும்மா. அழுகிப்போச்சோ?"

"அதுக்கு மஞ்சள்தான் நல்ல நிறம். நீளத்தைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அம்மா மெல்ல உதட்டை விலக்கினார். கீழ்ப்பற்கள் வளைந்து மேல் அண்ணத்தில் முட்டிக்கொண்டிருந்தன.

"என்ன குடுத்தீங்க?"

"குழைஞ்ச சோறு. பாவம், பல்லு நோகக் கூடாதேன்னு."

"கடிக்க?"

அவர் தலை குனிந்தார். "ஒரு கட்டை இருந்தது. தியானத்துல எல்லாரும் உக்காந்திருக்கும்போது கரகரன்னு கடிக்கும். மானம் போச்சு. எடுத்து வெளிய போட்டுட்டேன்."

"அதுக்குச் சாகுற வரைக்கும் பல் வளருமே ஐயா. கடிச்சுக் கடிச்சுத்தான் தேயணும்."

"நகவெட்டியால நறுக்கிடட்டுமா?"

"தொடாதீங்க. பல் பிளந்துடும். கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

கால்நடை மருத்துவர் பல்லைச் சீராக்கிக் கொடுத்தார். "ரொம்ப இளைச்சிருக்கு. தானா எதையாவது கடிச்சாத்தான் பிழைக்கும்" என்றார்.

மாலைத் தியானம் தொடங்கியது. லட்டு கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. பொன்னுரங்கத்துக்குக் கண்ணை மூடப் பயமாக இருந்தது. திறக்கும்போது அது இருக்குமா?

"அசையவே இல்லம்மா" என்றார்.

அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பலகை தொங்கியது. பூச்சில்லாத மரம். 'மௌனம்' என்று செதுக்கியிருந்தது. அவருடைய குரு செதுக்கியது.

அதைக் கழற்றி வந்து கூண்டுக்குள் வைத்தார்.

பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். லட்டு தலையைத் தூக்கியது. நகர்ந்து வந்து பலகையை மோந்து பார்த்தது. மறுபடியும் திரும்பிக்கொண்டது. அவருக்கு உயிரே போய்விட்டது.

கரக்.

பிறகு கரகரவென்று விடாமல்.

பொன்னுரங்கம் அழுதேவிட்டார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

"அம்மா, தியானம் கெடுதே" என்றார் முறைத்தவர்.

"எனக்கு இப்பதான் கூடுது" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.