வேண்டியவர் நிற்கலாம்

ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டாலும் நாக்கை அறுத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில், சேந்தன் என்றொரு ராசா நெடுவயல் நாட்டை ஆண்டுகொண்டிருந்தபோது, முரசு அறிவிக்கிறவர்களுக்கு அதுதான் சட்டம். புருஷன் செத்தபிறகு அவன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்ட கொளஞ்சிக்கு, அதனால் ஒவ்வொரு நாளும் பொழுது விடிவதே பயம்.

அந்த நாட்டில் ராசா ஒருவர் இருந்தாலும், ஊர்களெல்லாம் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த நாட்டுத் தலைவர் ஒருவரும் இருப்பார். ராசா வரியைக் கூட்ட நினைத்தால் தலைவர் தலையாட்ட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தலைவர். இந்த முறை, வந்த தலைவர் இரண்டாம் வருஷமே மாரடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். பாதியில் நாற்காலி காலியானால் அடுத்த பௌர்ணமிக்குள் தனித் தேர்தல் வைத்தாக வேண்டும், அதற்கான விதிகளை அரண்மனை எழுத வேண்டும் என்பது பழைய ஏற்பாடு.

சேந்த ராசா காலையில் போட்ட சட்டத்தை மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுகிறவர். ஆனால் ஒன்றை மட்டும் மறக்கவில்லை. தன் மச்சினர் வீரசிங்கர்தான் தலைவராக வேண்டும். விதி எழுதும் வேலையை, அரண்மனை ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் காடவராயரிடம் கொடுத்தார். அமைச்சர் அம்பலவாணரை முந்திக்கொள்ள எந்தச் சந்து கிடைக்கும் என்று காத்திருந்த காடவராயர், யோசித்து யோசித்து ஒரே வரியில் விதியை முடித்தார்.

"வேண்டியவர் நிற்கலாம், வேண்டாதவர் நிற்கக் கூடாது."

கொளஞ்சிக்கு அதைக் காதில் வாங்கியதும் தலை சுற்றியது. "சாமி, யாருக்கு வேண்டியவர்?" என்று கேட்டாள்.

"புரிகிறவனுக்குப் புரியும். நீ எழுத்து மாறாமல் சொல்லிவிட்டு வா."

அவள் போனாள். முதல் தெருவில் செக்காட்டும் மாசிலாமணி வழிமறித்தார். தனக்கு அந்தப் பதவி வேண்டும், அப்படியானால் தான் வேண்டியவன்தானே என்று கேட்டார். கொளஞ்சி விதியையே திரும்பச் சொன்னாள். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். அடுத்த வீட்டு அம்மாள், தனக்கு எந்தப் பதவியும் வேண்டாம், அதற்காகத் தன்னை வேண்டாதவள் என்று முரசடிப்பதா என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்கும் விதியையே சொன்னாள். மூன்றாவது தெருவுக்குள் அவளுக்கே எது எது என்று தெரியாமல் போயிற்று. வேண்டியவர் என்றால் கேட்கிறவரா, பிடித்தவரா, உறவுக்காரரா? வீட்டுக்கு வந்ததும் மருமகள் கஞ்சி வேண்டுமா என்று கேட்டாள். எந்தப் பதில் ஆபத்து என்று தெரியாமல் கொளஞ்சி பட்டினியாகவே படுத்தாள்.

பெயர் கொடுக்கும் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் எள் போட்டால் எள் விழாது. பதவி வேண்டும் என்று நினைத்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மீன்காரன் கூடையோடு நின்றான். வீரசிங்கரின் பல்லக்கு வாசலிலேயே சிக்கிக்கொண்டது.

ராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்களையெல்லாம் யார் அழைத்தது என்று கேட்டார். முரசுக்காரி தப்பாகச் சொல்லிவிட்டாள், நாக்கை அறுத்தால் சரியாகிவிடும் என்றார் காடவராயர்.

கொளஞ்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விதியைச் சொல்லச் சொன்னார்கள். அவள் எழுத்து மாறாமல் சொன்னாள்.

"சரியாகத்தானே சொல்கிறாள்?" என்றார் ராசா, குழப்பத்தோடு.

"சொன்னது சரி மகாராசா, சொன்ன தினுசு தப்பு" என்றார் காடவராயர்.

அதுவரை சும்மா இருந்த அம்பலவாணர் மெல்ல எழுந்தார். "ஓலைநாயகமே, நானும் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். யாருக்கு வேண்டியவர் என்று நீங்களே சொல்லிவிடுங்களேன்."

"இதில் என்ன சந்தேகம்? மகாராசாவுக்கு வேண்டியவர்."

"அப்படி வாருங்கள். கொளஞ்சி, முரசை எடு. முற்றத்தில் நிற்கிறார்களே, இவர்கள் எல்லோரும் மகாராசாவுக்கு வேண்டாதவர்கள் என்று ஓலைநாயகம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை முதலில் இவர்கள் காதில் போடு. அப்புறம் தெருத்தெருவாகப் போகலாம்."

ராசா எட்டிப் பார்த்தார். போரில் தனக்காக வேல் பிடித்தவன் நின்றான். களத்து நெல்லில் ஆறில் ஒன்றை வரியாக அளந்து கொட்டுகிறவன் நின்றான். ஒருத்தன் கூடச் சிரிக்கவில்லை. கொளஞ்சி முரசைத் தோளில் மாட்டும்போது கோல் தவறி அதில் ஒருமுறை பட்டது. அந்தச் சத்தத்தில் ராசா ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"நிறுத்து தாயே. எனக்கு வேண்டாதவர் என்று இந்த நாட்டில் ஒருத்தரும் இல்லை. ஆசைப்பட்ட எல்லோரும் நிற்கட்டும். மச்சினரும் நிற்கட்டும், வரிசையின் கடைசியில்."

அந்தத் தேர்தலில் மாசிலாமணி ஜெயித்தார். வீரசிங்கருக்கு ஒரே ஓர் ஓலை விழுந்தது. அதுவும் தான் போட்டதில்லை என்று அவர் மனைவி சத்தியம் செய்தாள்.

ராசா அம்பலவாணருக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். பிறகு கொளஞ்சியைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

அவள் வெலவெலத்துப் போனாள். வேண்டும் என்றால் தேர்தலில் நிறுத்திவிடுவார்களோ, வேண்டாம் என்றால் வேண்டாதவள் ஆகிவிடுவோமோ? "மகாராசா, அந்தச் சொல் இல்லாமல் கேளுங்கள்" என்று கும்பிட்டாள். சபை சிரித்தது. அம்பலவாணர் கூடச் சிரித்தார்.

கடைசியில் தட்டுத்தடுமாறிக் கேட்டுவிட்டாள். இனிமேல் முரசு மட்டும் தன் பொறுப்பு. விதியை எழுதியவரே கூட வந்து தன் வாயால் சொல்லட்டும், கேட்கிறவர்களுக்கு அர்த்தமும் சொல்லட்டும்.

அன்றிலிருந்து வெயிலில் காடவராயர் தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு பதில் சொல்லித் தொண்டை வற்றினார். கொளஞ்சி முன்னால் நடந்தாள். யாராவது தன்னிடம் எதையாவது கேட்டுவிடப் போகிறார்களே என்று, கிளம்பும்போதே வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு.