கல்யாணப் போட்டோவில் நின்ற குதிரை

கரட்டுமேட்டுச் சென்னியப்பன் வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வைக்க வேண்டும். அதனால்தான் அன்றைக்குக் காலையிலேயே அவன் பெண்டாட்டி கலாமணி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"காங்கேயத்து அம்மா என்ன கேட்டாலும் ஆமா, இல்லை. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன், ஆமா."

அவள் பயம் அவளுக்கு. மூன்று தலைமுறையாகப் பந்தயக் குதிரை வளர்க்கிற பண்ணை. பொலிக்குதிரை தளவாய் கன்னங்கரேலென்று லாயத்தில் நிற்கிறது. ஓடிய பந்தயத்தில் பாதி ஜெயித்த குதிரை. ஆனால் ரெண்டு வருஷமாக ஒரு பெட்டைக்குதிரைகூட இணை சேர வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் சென்னியப்பன் பேச்சைக் கேட்டுவிட்டு, "பேச்சே இப்படின்னா குதிரை மட்டும் நெசமாவா இருக்கும்?" என்று வண்டியைத் திருப்பினார்கள்.

இந்த ஆடிக்குள் ஒன்றும் வராவிட்டால் தளவாயை விற்றுவிட்டு லாயத்தில் பிராய்லர் கோழி விடுவது என்று கலாமணியின் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். கோழிவலையைக்கூட வாங்கி வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் காலால் ஒரு உதை விட்டாள். குட்டியாக இருந்ததிலிருந்து தளவாய்க்குக் கொள்ளு வேகவைத்துப் போட்டவள் அவள்தான்.

பத்து மணிக்கு டெம்போ வந்தது. உள்ளே பவளம், மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கிய பெட்டை. முன்னால் டிரைவர் ராக்கியப்பன், பக்கத்தில் அதன் சொந்தக்காரி, காங்கேயத்து தேவணாம்பாள். இறங்கியவள் காபி வேண்டாம் என்றாள். நேராக லாயத்துக்குப் போய்த் தளவாயின் பல்லைப் பார்த்தாள், நாலு காலையும் தடவினாள், நெற்றிச் சுழியை விரலால் சுற்றிப் பார்த்தாள்.

"சுழி சுத்தமா இருக்குது" என்றாள்.

கலாமணிக்கு உயிர் வந்தது. அந்த அம்மா அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில், "இதுக்கு அப்பன் யாரு?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

அதற்கு ஆமா, இல்லை என்று எப்படிப் பதில் சொல்வது? சென்னியப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அப்பனை விடுங்க, தாத்தனைச் சொல்றேன். பவானிப் பந்தயத்துல அது ஓடின ஓட்டத்துல, நெழலு பின்னால தங்கிப்போச்சுங்க. குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டி, தண்ணி குடிச்சு, வேர்வை தொடச்சு முடிச்ச பிறகுதான் நெழலு வந்து சேந்துது. கமிட்டிக்காரங்க கூடிப் பேசி, முதல் பரிசு குதிரைக்கு, ரெண்டாம் பரிசு நெழலுக்குன்னு குடுத்தாங்க."

"மூணாம் பரிசு?" என்றான் ராக்கியப்பன்.

"அது வேற ஊர்க்குதிரைங்க. அதுக்கென்ன இப்ப?"

தேவணாம்பாள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கலாமணி தீவன வாளியை டங்கென்று கீழே வைத்தாள். அது அவனுக்குக் காதில் விழுந்தால்தானே!

"நம்ம தளவாயவே எடுத்துக்கங்க. போன வருஷம் ஓடும்போது பேப்பர்காரன் போட்டோ எடுத்தான். கழுவிப் பாத்தா வெறுந்தரைதான் விழுந்திருக்குது, குதிரையைக் காணோம். அட, எங்கடா போச்சுன்னு தேடினா, பெருந்துறையில ஒரு கல்யாண போட்டோவுல, மாப்பிள்ளைக்குப் பின்னால நிக்குது!"

"மொய் வெச்சுதுங்களா?" என்றான் ராக்கியப்பன்.

"ஏய், பெரியவங்க பேசும்போது குறுக்க வராத."

"ஏனுங்க, போதுமுங்க" என்றாள் கலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு. தேவணாம்பாள் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"குட்டி எப்படி? அதைச் சொல்லு."

கேட்க வேண்டியதைத்தான் அந்த அம்மா கேட்டாள். இருக்கிறதைச் சொன்னால் போதும்: ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்த ரெண்டு குட்டியும் நல்ல குட்டி. ஆனால் சென்னியப்பனுக்கு அதற்குள் சாமி வந்துவிட்டது.

"குட்டிங்களா? அப்பனை மிஞ்சின வேகமுங்க. ஊருக்குள்ள குதிரைக்குப் பதினோரு மாசம் சினை. நம்ம தளவாய் குட்டி வயித்துக்குள்ளயே ஓடுமுங்க. மொதக்குட்டி எட்டு மாசத்துல வந்துது. ரெண்டாவது நாலு மாசம். கோபிக்காரரு பெட்டை ஒண்ணு வந்துதுங்க..." அவன் மூச்சு வாங்கினான். கலாமணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "இணை சேக்கறது வெள்ளிக்கிழமைன்னு பேச்சு. குட்டி வியாழக்கிழமையே பொறந்துபோச்சு!"

பவளம் டெம்போவுக்குள் காலை மாற்றி வைத்தது.

தேவணாம்பாள் நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ராக்கியப்பா, வண்டியை எடு."

"ஏனுங்கம்மா?" என்று பதறினான் சென்னியப்பன்.

"அப்புறம் என்ன? சேக்கறதுக்கு முன்னாலயே குட்டி பொறந்துருமாமே. இன்னேரம் எங்க தோட்டத்துல நின்னு கத்திட்டிருக்கும். நான் போய்த் தண்ணி காட்டோணும்."

ராக்கியப்பன் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தம்மா ஒரு காலைத் தூக்கி வண்டிப்படியில் வைத்துவிட்டாள். சென்னியப்பன் வாய் திறந்தபடியே நின்றது. கலாமணி வாசலில் கிடந்த கோழிவலையைப் பார்த்தாள், லாயத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு நின்ற தளவாயைப் பார்த்தாள். இவனோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியது வீண் போகவில்லை.

"அக்கா, ஒரு நிமிசம்" என்றாள். "குட்டி வந்திருக்கும், நான் இல்லேங்கல. ஆனா நாளைக்கு ஊருக்குள்ள நாலு பேரு, இதுக்கு அப்பன் யாருன்னு கேப்பாங்களே. பவளம் மானத்தோட வாழ்ந்த புள்ள. அந்தப் பேச்சுக்காவது ஒருக்கா சேத்துட்டுப் போயிருங்க."

படியில் இருந்த கால் அப்படியே நின்றது. தேவணாம்பாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். உதடு துடித்தது, தோள் குலுங்கியது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ராக்கியப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பவளத்தை எறக்கு."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான். அவன் அடுத்ததை ஆரம்பிப்பதற்குள் கலாமணி கோழிவலையைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

"இதைக் கொண்டுபோய் எங்கண்ணன் வீட்டுல போட்டுட்டு வாங்க."

"அதெல்லாம் நேத்தே போட்டுட்டு வந்துட்டேன்" என்றான் சென்னியப்பன், வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு.