செங்கல் குடித்த தண்ணீர்

"சுவர் எழுப்பப் போறேன், அம்மா. ஒரு கல்லைத் தொட்டுக் கொடுங்க."

தணிகாசலம் துணிப்பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து நாச்சியம்மையின் முன்னால் வைத்தார்.

ஆற்றங்கரை மடத்தை நடத்தும் நாச்சியம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தணிகாசலம் வீட்டில் மின்விசிறி மாட்டுவதென்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாட்டுவார். அவர் சொன்னபடி நடப்பார் என்று சொல்ல முடியாது.

"எங்கே சுவர்?"

"வீட்டுக்குள்ள. மாடிப்படிக்குக் குறுக்கே. நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றார்."

"அப்புறம் மாடிக்கு எப்படிப் போவீங்க?"

"நான் ஏன் போகணும்? அங்கே என் தம்பி குணசீலன் குடும்பம் இருக்கு. வெளியே இரும்புப் படி வச்சுக்கட்டும். இனிமே அவன் யாரோ, நான் யாரோ."

நாச்சியம்மை செங்கல்லைப் பார்த்தார். தொடவில்லை.

"என்ன செய்தார் குணசீலன்?"

"குளிக்கிறான்."

"குளிக்கக் கூடாதா?"

"அவன் குளிக்கிற தண்ணி என் படுக்கையறைச் சுவர்ல இறங்குது, அம்மா. ஒரே ஓதம். பெயிண்ட் பொருக்குப் பொருக்கா உரியுது. பட்டி பார்த்து மறுபடி அடிச்சேன். உரிஞ்சுது. ஈரம் தாங்கும்னு கடைக்காரன் ஒரு பெயிண்ட் கொடுத்தான். அதையும் அடிச்சேன். அதுவும் உரிஞ்சுது. கடைசியில பீரோவை இழுத்து முன்னால நிறுத்திட்டேன். பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சல்."

"தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? ஒரு பிளம்பரைக் கூட்டிட்டு வந்தான். குழாய்ல குத்தமில்லைன்னுட்டுப் போயிட்டான் அந்த ஆள். இவன் கூட்டி வந்தவன் வேற என்ன சொல்வான்?"

"நீங்க ஒருத்தரைக் கூட்டி வந்து பார்த்திருக்கலாமே."

"எதுக்கு? தண்ணி மேலேயிருந்து கீழேதான் வரும். மேலே இருக்கிறது அவன். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆளா?"

நாச்சியம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு பித்தளைத் தட்டும் செம்பு நிறையத் தண்ணீருமாக வந்தார்.

செங்கல்லைத் தட்டின் நடுவே நிமிர்த்தி வைத்தார். சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்.

தணிகாசலத்துக்கு மனம் குளிர்ந்தது. பூசை தொடங்கிவிட்டது.

"பூ வாங்கிட்டு வரட்டுமா, அம்மா?"

"வேண்டாம். நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். தம்பி பெண்டாட்டியின் வாய் நீளத்தைப் பற்றிச் சொன்னார். ஆடி மாதத்திலிருந்து தம்பியோடு பேச்சில்லை என்று சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்து, காபி குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனதைச் சொன்னார்.

"இவ்வளவுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரி என்ன பண்றா தெரியுமா? கிண்ணத்துல குழம்பை ஊத்திக்கிட்டு மாடிக்கு ஏறுறா. சுவர் வந்துட்டா அதுவும் நிக்கும்."

"அவங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் நாச்சியம்மை.

தணிகாசலம் சிரிக்கலாமா என்று யோசித்தபடி தட்டைப் பார்த்தார்.

தட்டில் தண்ணீர் இல்லை.

"தட்டு ஓட்டையா, அம்மா?"

நாச்சியம்மை தட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் தரை காய்ந்திருந்தது.

"அப்போ தண்ணி எங்கே?"

பதிலுக்கு அவர் செம்பைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

தணிகாசலம் குனிந்தார். செங்கல்லின் அடிப்பாகம் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. நிறம் மாறிய கோடு பாதிக் கல்லைத் தாண்டியிருந்தது. அவர் கோட்டுக்கு மேலே தொட்டார். உலர்ந்திருந்தது. கீழே தொட்டார். விரல் நனைந்தது.

குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மேலே நகர்ந்தது.

"ஏறுதே, அம்மா."

"ஆமாம்."

"யாருமே ஊத்தலை. மேலே ஏறுதே."

"கல்லை எடுத்துட்டுப் போங்க. காலையில கொத்தனார் வருவாரே."

"நீங்க தொட்டுக் கொடுக்கலையே."

"தண்ணி கொடுத்தேனே" என்று சொல்லிவிட்டு, நாச்சியம்மை காலிச் செம்போடு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் தணிகாசலம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பூங்கோதை, பீரோவை ஒரு பக்கம் பிடி."

"எதுக்கு? சாப்பிட்டுட்டு நகர்த்தக் கூடாதா?"

"பிடின்னா பிடி."

மனைவி பிடித்தாள். பீரோ நகர்ந்தது.

சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தது. பெயிண்ட் சுருண்டு தரையில் கிடந்தது. இடுப்பு உயரம்வரை அப்படி. அதற்கு மேலே சுவர் நன்றாக இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி மேல்தளத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கையில் தூசிதான் ஒட்டியது.

"மேலே ஈரமே இல்லையே."

"எப்பவுமே இருந்ததில்லை" என்றாள் பூங்கோதை.

"ஏன் சொல்லல?"

"எங்கே சொல்ல விட்டீங்க? தம்பி, தம்பின்னுதானே குதிச்சீங்க."

அவர் வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தில் நின்றார்.

தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பயந்து, போன வருஷம் அவர்தான் லாரியில் மண் அடித்து வீட்டைச் சுற்றி மேடாக்கினார். மேலே சிமெண்ட் கல் பதித்தார். பார்த்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். தினமும் காலையில் குழாயைப் பிடித்துக் கழுவிவிடுவார்.

இப்போது ஜன்னலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தைக் கையால் அளந்தார். உள்ளே ஓடி அங்கேயும் அளந்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார். வெளித்தரை உள்தரையைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது.

சுவரோரத்தில் ஒரு கல்லை நெம்பி எடுத்து, மண்ணுக்குள் கையை விட்டார்.

சேறு.

கையைக் கழுவாமலே மாடிப்படி ஏறினார். ஆடி மாதத்துக்குப் பிறகு ஏறுவது இதுதான் முதல் தடவை.

குணசீலன் கதவைத் திறந்தான். தோளில் துண்டு. கையில் ஒரு பை, அதில் மாற்று வேட்டியும் சோப்பு டப்பாவும். அண்ணனைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினான்.

"அண்ணே, சத்தியமா நாங்க இங்கே தண்ணியே புழங்கலை."

தணிகாசலம் அவன் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து மாமனார் வீட்டுல போய்த்தான் குளிக்கிறோம். பிள்ளைங்களும் அங்கேதான் குளிச்சுட்டு ஸ்கூலுக்குப் போகுதுங்க. வேணும்னா பாத்ரூமை வந்து பாரு, காஞ்சு கிடக்கு."

கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டான்.

"இப்ப நின்னுடுச்சா, அண்ணே?"

தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கதவில் சேறு ஒட்டியது.

"கடப்பாரை உங்கிட்டயா இருக்கு?"

குணசீலனின் முகம் வெளிறியது. "எதை இடிக்கப் போறே?"

"இடிக்கலை. கீழே நான் கொட்டின மண்ணை வெட்டி எடுக்கணும்."

"நானும் வரட்டுமா?"

"வா." தணிகாசலம் தம்பியின் கையிலிருந்த பையை வாங்கி வீட்டுக்குள் வைத்தார். "முதல்ல போய்க் குளிடா. உன் பாத்ரூம்ல."