நடுவில் யார் பொறுப்பு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாளையங்கோட்டையில் மென்பொருள் கற்றுக்கொடுத்த உலகம்மைக்கு வயது முப்பத்திரண்டு. இடுப்பில் எட்டு மாதப் பெண்குழந்தை. சீடர் ஜெயசிங்குக்கு ஐம்பத்தைந்து. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வந்தவர்.

அன்று காலை ஜெயசிங்குக்குத் தரையில் கால் பாவவில்லை. இரண்டு வருடமாகக் கட்டிய ஃப்ரேம்வொர்க், அதாவது மென்பொருள் சட்டகம், முடிந்துவிட்டது. அதன்மேல் யார் வேண்டுமானாலும் திரைகளை வடிவமைக்கலாம். பத்து விரலும் ஒரே நேரத்தில் தொடலாம். ஒரு திரையில் இருப்பதை விரலால் தள்ளினால் இன்னொரு திரைக்குப் போய்விடும். மாலை நான்கு மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து பார்க்க வருகிறார்கள். ஆம்புலன்ஸில் எழுதும் நோயாளிச் சீட்டு அவசரப் பிரிவின் சுவர்த்திரைக்கு இனி இப்படித்தான் போகப்போகிறது.

“டீச்சர், ஓடி வாங்க! வித்தையைப் பாருங்க!”

மேசைபோல் கிடந்த தொடுதிரையில் ஒரு சோதனைச் சீட்டைத் தள்ளினார். எதிரே சுவர்த்திரையில் முளைத்தது. அங்கிருந்து தள்ளினார்; மேசைக்கே திரும்பியது.

“பாத்தியளா? ஒரு சீட்டு ஒரு நேரத்துல ஒரு திரையிலதான். இங்க அழிஞ்சாதான் அங்க வரும். ரெண்டு எடத்துல இருந்தா குழப்பம்லா? அதான் இதுக்கு அழகே!”

உலகம்மை குழந்தையை மேசைத்திரைமேல் உட்கார வைத்தாள். குழந்தைக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு கையாலும் படார் படார் என்று அறைந்தது. அங்கிருந்த ஏழு சீட்டும் சுவரைப் பார்த்துப் பறந்தன.

“இவளுக்கே வருது டீச்சர்!” ஜெயசிங் கைதட்டினார்.

“எண்ணுங்க அண்ணாச்சி.”

எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். சுவரில் ஆறுதான் இருந்தன. மேசையில் ஒன்றுமில்லை.

கணினிப் பதிவைத் திறந்து பார்த்தார். நடுவில் ஒரு நொடி வைஃபை அறுந்திருந்தது. அனுப்பிய கையோடு மேசை அழித்துவிட்டது. சுவருக்கோ வந்து சேரவே இல்லை. தொலைந்தது சோதனைச் சீட்டுதான். ஆனாலும் ஜெயசிங் உலகம்மை பக்கம் திரும்பினார்.

“நிசத்துல இது ஒரு ஆளுல்லா டீச்சர். இங்கயிருந்து கெளம்பிட்டு, அங்க போய்ச் சேரல. நடுவுல யாரு பொறுப்பு?”

“முகம் கழுவிட்டு வாரேன். இவளப் பிடிங்க.”

அவள் குழந்தையை நீட்டினாள். ஜெயசிங் இரண்டு கையாலும் வாங்கினார். அவள் கையை எடுக்கவில்லை. அவர் காத்திருந்தார். அப்போதும் எடுக்கவில்லை.

“பிடிச்சிட்டேன் டீச்சர், விடுங்க.”

விட்டாள். முகம் கழுவப் போனாள்.

குழந்தை அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர் அசையாமல் நின்றார். பிறகு போட்டாரே ஒரு கூச்சல்!

“நான் சொல்லுத வரைக்கும் நீங்க விடல! நீங்க விடவே இல்ல டீச்சர்!”

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நிரலைத் திருத்தி எழுதினார். சோற்றை மறந்தார். மூன்றரைக்குப் புதிதாக ஏழு சீட்டு வைத்துத் தள்ளினார். பாதியில் உலகம்மை ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். நான்கு சீட்டுகள் சுவருக்குப் போயிருந்தன. மீதி மூன்றும் மேசையிலேயே நின்றன. வயரைச் செருகியதும் அந்த மூன்றும் சுவருக்கு வந்தன. அதன்பிறகே மேசையிலிருந்து மறைந்தன. ஏழுக்கு ஏழு. 

வாசலில் மருத்துவமனைக் கார் வந்து நின்றது. ஜெயசிங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“டீச்சர், ஒரு நொடி ரெண்டு திரையிலயும் தெரியுதே. அந்த நொடியில நோயாளிக்கு யாரு பொறுப்புன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

உலகம்மை குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். பிடித்தாள். பிடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவரும் விடவில்லை. இருவர் நடுவில் குழந்தை காலை உதறிச் சிரித்தது.

“இப்ப இவள எத்தன கை பிடிச்சிருக்கு? எண்ணுங்க அண்ணாச்சி.”