ஓணான் எழுதிய இரண்டெழுத்து

பேச்சு எல்லா உயிருக்கும் பொதுவாக இருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆற்றின் மேட்டுக்கரையில் ஓணானும் பள்ளக்கரையில் அரணையும் இருந்தன. கோடையில் ஆறு வற்றிவிடும். இரண்டும் நடு மணலில் சந்தித்து வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருக்கும். பேசுவது பெரும்பாலும் அரணைதான். ஓணான் கேட்டுக்கொண்டிருக்கும், கேட்கும்போதே அதன் கண் சிரிக்கும். அரணைக்கு அது போதும்.

மழைக்காலத்தில் தண்ணீர் குறுக்கே வந்துவிடும். அப்போது பூவரச இலையில் நகத்தால் கீறி எழுதிக்கொள்ளும். மீன்கொத்தி இலையை அலகில் கவ்விக்கொண்டு போய் அக்கரையில் போடும்.

ஒரு கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. அரணை ஐந்து முட்டை இட்டு, ஒரு கல்லுக்கடியில் சருகு மூடி வைத்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் அந்தக் கல்லின் அருகே வந்துவிட்டது. அவ்வழியே வந்த ஆமை, "முட்டையை என் முதுகில ஏத்து. அக்கரையில விட்டுடறேன். உச்சிப்பொழுதுக்கு மேல என்னால முடியாது, தண்ணி இழுப்பு அதிகமாயிரும்" என்றது.

அக்கரையில் தங்க இடம் வேண்டுமே. அரணை எழுதி அனுப்பியது: "அண்ணே, தண்ணி ஏறுது. அஞ்சு முட்டையோட உங்க பொந்துக்கு வரலாமா? குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும்."

படித்ததும் ஓணானுக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகவே இருந்து பழகிய பொந்துக்கு ஐந்து குழந்தைகள் வரப்போகின்றன. உடனே பொந்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், "சரி" என்று கீறிக் கொடுத்தது.

அரணை அந்த இலையைப் படித்தது. திருப்பிப் பார்த்தது. பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"எப்படிச் சொன்னாரு? சந்தோஷமாவா, வேண்டாவெறுப்பாவா?"

"நான் இலையை வாங்கினேன், பறந்தேன்" என்றது மீன்கொத்தி. "மூஞ்சியை எங்க பார்த்தேன்?"

போன கோடையில் ஓணான் பார்த்து வைத்திருந்த ஈசலைத் தான் முந்திக்கொண்டு தின்றது அரணைக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இருக்கும்போல என்று நினைத்தது. இன்னோர் இலையில் எழுதியது: "தொந்தரவுன்னா வேண்டாம் அண்ணே. வேற இடம் பார்த்துக்கிறேன்."

ஓணான் அப்போது பொந்துக்குள் இலவம்பஞ்சு பரப்பிக்கொண்டிருந்தது. இலையைப் படித்ததும் அதன் கை நின்றுவிட்டது. வேறு நல்ல இடம் கிடைத்திருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எண்ணியது. வற்புறுத்தினால் நன்றாயிராது. "உன் இஷ்டம்" என்று எழுதியது.

அரணை அதை ஒரு தடவைதான் படித்தது. "நீங்க கிளம்புங்க" என்றது ஆமையிடம். ஆமை தனியாகத் தண்ணீரில் இறங்கியது.

மாலைக்குள் கல் மூழ்கிவிட்டது. அரணை ஒரு நாணல் தூரில் தொற்றிக்கொண்டு தப்பியது. ஐந்து முட்டைகளும் போய்விட்டன.

ஆறு வற்றியபின் ஓணான் மணலில் இறங்கி வந்தது. "பிள்ளைங்க எங்க?" என்று கேட்டது. அரணை நடந்ததைச் சொன்னது.

"நான் பஞ்செல்லாம் போட்டு வச்சிருந்தேனே தங்கச்சி!"

"இலையில ரெண்டெழுத்துதான் அண்ணே இருந்துச்சு."

அரணையின் குரலில் கோபம் இல்லை. ஓணானுக்கு அதுதான் தாங்கவில்லை. "இல்லம்மா, அந்த ரெண்டெழுத்தை நான் இப்படித்தான் எழுதினேன்" என்று தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டியது. வா, வா என்று கூப்பிடுவதுபோல ஆட்டியது. தொண்டை சிவக்கும்வரை ஆட்டியது. நிறுத்த அதற்குத் தெரியவில்லை.

அரணை பார்த்துக்கொண்டிருந்தது. "இதைப் பார்த்திருந்தா வந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சருகுக்குள் போய்விட்டது.

வேலியில் நிற்கும் ஓணான் யாரைக் கண்டாலும் தலையை ஆட்டுவதும், அரணை யார் பதிலுக்கும் நிற்காமல் சருகுக்குள் நழுவிவிடுவதும் அன்று தொடங்கியவைதான். கைபேசியில் "சரி" என்று எழுதியவர்கள், அனுப்புவதற்கு முன் பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தையும் வைப்பது அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.