வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மலை

தட்டையாபுரத்தில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் சொல்ல முடியாது. இருந்த பொருளுக்குத்தானே பஞ்சம் வரும்? அந்த ஊருக்கு இருந்த ஒரே குறை, மலை இல்லாததுதான்.

பக்கத்து ஊரான மொட்டைப்பாறையில் மலை உண்டு. அப்படியொன்றும் வானத்தை முட்டுகிற மலை இல்லை. ஓர் ஆட்டுக்குட்டி அவசரமாக ஏறினால் மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்விடும். ஆனாலும் உச்சியில் ஒரு முருகன் கோயில், கோயிலைச் சுற்றிக் குரங்குகள், கார்த்திகை வந்தால் கொப்பரையில் தீபம், அதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும்.

தட்டையாபுரத்துத் தலைவர் வெயிலுமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. போன கார்த்திகைக்கு, ஊரிலேயே உயரமான இடம் எதுவென்று யோசித்து, வைக்கோல்போரின் உச்சியில் தீபம் ஏற்றினார். அந்த ஜோதி விடிய விடிய எரிந்தது. மொட்டைப்பாறைக்காரர்களே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

மறுநாள் சந்தையில் மொட்டைப்பாறைத் தலைவர் சடையாண்டி சத்தமாகவே கேட்டார். "மலை இல்லாத ஊருக்கு மீசை எதுக்குய்யா?"

வெயிலுமுத்து தன் மீசையைத் தடவிப் பார்த்தார். அருவாளை இரண்டாகப் பிரித்து ஒட்டவைத்தது போன்ற மீசை. அவர் மனைவி செல்லக்கிளிக்கு அந்த முகத்தில் பிடித்த ஒரே சாமான் அதுதான். அது போனால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள். அந்த மீசையின் மேல் கைவைத்து வெயிலுமுத்து சபதம் போட்டார்.

"வர்ற கார்த்திகை தீபத்தன்னைக்கு விடியும்போது எங்களுக்குன்னு ஒரு மலை இருக்கும். இல்லைன்னா என் மீசை போகட்டும். இருந்துச்சுன்னா உங்க மீசை போகணும். சம்மதமா?"

சடையாண்டி சம்மதித்தார். இப்படி ஒரு பந்தயத்துக்குச் சம்மதித்தவரை அறிவாளிப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு எங்கே போவது என்று ஊர் கூடிப் பேசியது. ஊரின் மூளை என்று பெயர் வாங்கிய தவசி எழுந்தான். எதைச் சொன்னாலும் முதலில் தொண்டையைச் செருமுவான். ஊர் அதையே பாதி அறிவாக எடுத்துக்கொள்ளும்.

"வடக்க இமயமலைன்னு ஒண்ணு இருக்காம். அங்க மலைமேல மலையாக் கெடக்காம். ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"அம்புட்டுத் தொலைவு எப்பிடித் தூக்கியார்றது?"

"அனுமாரு ஒத்தை ஆளா ஒத்தைக் கையில தூக்கியாரலையா? நாம நாலு பேரு போறோம்ல."

கணக்குச் சரியாக இருந்ததால் யாரும் மறுக்கவில்லை. வெயிலுமுத்து, தவசி, எந்நேரமும் தூங்கி வழிகிற உறங்காப்புலி, சலூன் கடை காத்தான் ஆகிய நால்வரும் ரயிலேறினார்கள். மலையைக் கட்டி இழுக்கத் தேர்வடம் ஒன்றும் கூடவே ஏறியது. காத்தானை எதற்கு அழைத்துப் போனார்கள் என்றால், மலை கிடைக்காவிட்டால் வழியிலேயே மீசையை எடுத்து வேலையை முடித்துவிடலாமே என்ற முன்யோசனைதான். அவன் கத்தியை இடுப்பிலேயே செருகியிருந்தான். வெயிலுமுத்து ரயிலில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே தூங்கினார்.

அவர்கள் போய் இறங்கிய ஊர் தேவதார்கட். மலையூர்கள் எல்லாம் எப்படியோ அப்படித்தான் அதுவும். ஒரே பள்ளத்தாக்கைப் பத்து இடத்தில் வண்டியை நிறுத்திக் காட்டிப் பத்துப் பெயர் சொல்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் அதே சால்வையை வேறு வேறு விலைக்கு விற்பார்கள். வந்தவர்கள் மலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மலையைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிப் போவார்கள். இப்பேர்ப்பட்ட புத்திசாலிகள் நடுவே நம்ம நாலு பேரை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அங்கே தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கென்று லாட்ஜ் வைத்திருந்தார் சபாபதி. பிறந்தது அம்பாசமுத்திரம். இட்லியும் அவரே, ஜீப்பும் அவரே, வழிகாட்டியும் அவரே. அறையைத் திறந்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"சார், இந்த ஜன்னலைத் திறந்தா போதும். மலை அப்படியே உள்ள வந்துரும்."

அவர் போனதும் நால்வரும் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அப்ப மலை நடக்கும்" என்றான் தவசி.

"நல்லதாப் போச்சு, தூக்க வேணாம்" என்றார் வெயிலுமுத்து.

"உள்ள வந்துருச்சுன்னா நான் எங்கப்பா படுக்குறது?" என்றான் உறங்காப்புலி. அவன் கவலை அவனுக்கு. ஜன்னலைத் தேர்வடத்தால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படுத்தான்.

விடியலில் சூரிய உதயம் காட்டக் கூட்டிப்போவதாகச் சபாபதி சொல்லியிருந்தார். "குளிர் கொல்லும் சார். இருக்கறதை எல்லாம் போட்டுக்கிட்டு வாங்க" என்றும் சொல்லியிருந்தார். காலையில் ஜீப்புக்கு நாலு மூட்டைகள் உருண்டு வந்தன. கொண்டுபோன வேட்டி சட்டை அத்தனையும் போட்டு, அதன்மேல் மெத்தைவிரிப்பைச் சுற்றி, அதன்மேல் ஜன்னல் திரையைக் கட்டியிருந்தார்கள். காத்தான் மட்டும் கூடுதலாகக் கால்மிதியையும் தலையில் வைத்திருந்தான். சபாபதி ஒன்றும் கேட்கவில்லை. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் இருக்கப் பழகிவிடும்.

பனிச்சிகரம் தங்கமாக மின்னியது. உண்மையைச் சொன்னால், அழகு என்றால் அதுதான் அழகு. சபாபதியே மெய்ம்மறந்துபோய், "அந்தச் சிகரத்தை விட்டுக் கண்ணை எடுத்துராதீங்க சார்" என்று சொன்னார்.

எடுக்கவில்லை. ஜீப்புக்குத் திரும்பும்போதும் எடுக்கவில்லை. நால்வரும் சிகரத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து, டீக்கடை பெஞ்சைச் சாய்த்து, சால்வைக்கடைக்குள் புகுந்து அடுத்த வாசல் வழியே வெளியே வந்து, கடைசியில் ஒரு மட்டக் குதிரையின்மேல் முட்டி நின்றார்கள். குதிரை உதைத்தது. உறங்காப்புலி உருண்டான். உருளும்போதும் முகத்தை மட்டும் சிகரத்தின் பக்கமே வைத்திருந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அருவி பார்த்தார்கள், ரோப்காரில் போனார்கள். எல்லா மலையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எதுவும் நகர்வதாகத் தெரியவில்லை. கார்த்திகையும் நெருங்கிக்கொண்டிருந்தது. காத்தான் கத்தியைத் தோல்வாரில் தீட்ட ஆரம்பித்தான். வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. "செல்லக்கிளி மூஞ்சியில எப்பிடிடா முழிப்பேன்?" என்று கண் கலங்கினார்.

கடைசி நாள், ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் ஜீப் நின்றது. எதிரே செங்குத்தாக ஒரு மலை.

"இங்க நின்னு சத்தமாப் பேசுங்க சார். மலை பதில் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, சபாபதி டீ குடிக்கப் போனார்.

வெயிலுமுத்து தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்று கத்தினார்.

"யாரு?" என்றது மலை.

நால்வருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. தவசி வெயிலுமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, தமிழு! இந்த ஊர்ல மனுசப்பய பூராம் இந்தி பேசுறான். மலை மட்டும் தமிழ் பேசுதுண்ணே!"

"அது சரி, யாருன்னு மொட்டையாக் கேக்குது பாரு" என்று காத்தானுக்குக் கோபம் வந்தது. "ஏய், மரியாதையாப் பேசு!"

"மரியாதையாப் பேசு!" என்றது மலை.

காத்தான் வெயிலுமுத்துவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"அது கேக்குறதும் ஞாயந்தானப்பா" என்றார் வெயிலுமுத்து. "வயசுல மூத்தது." செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "ஐயா, வணக்கம்!"

"ஐயா, வணக்கம்!" என்றது மலை. பெரிய மனசு.

"எங்க ஊருக்கு வாங்க!"

"எங்க ஊருக்கு வாங்க!"

இங்கேதான் சிக்கல் வந்தது. நால்வரும் ஜீப்பின் நிழலில் கூடிப் பேசினார்கள்.

"நாம அதைக் கூப்புட்டா அது நம்மளைக் கூப்புடுதே" என்றார் வெயிலுமுத்து.

தவசி தொண்டையைச் செருமினான். "அண்ணே, இப்ப நாம நிக்கிறது யாரு ஊரு? அதோட ஊரு. ஆக நாம வந்து தலையைக் காட்டியாச்சு. நம்ம வீட்டு விசேசத்துக்கு அது வந்துதான ஆகணும்? வராட்டி நாளப்பின்ன சபையில அதுக்கில்ல கேவலம்?"

"வெறுங்கையோட கூப்புட்டா யாருப்பா வருவா?" என்றான் உறங்காப்புலி. அந்தப் பயணத்தில் படுக்கையைப் பற்றி இல்லாமல் அவன் சொன்ன ஒரே வார்த்தை அதுதான், அதுவும் சரியான வார்த்தை.

வெயிலுமுத்து மடியிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து, தடுப்புச் சுவரின்மேல் முறையாக வைத்தார். "கார்த்திகைக்கு நீங்க குடும்பத்தோட வரணும்! வருவோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று கத்தினார். "வருவோம்னு!"

"வருவோம்னு!" என்றது மலை.

அந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒன்று தாவி வந்து, வெற்றிலை பாக்கை அள்ளிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி மலைப்பக்கம் ஓடியது.

"வாங்கிக்கிருச்சு! அனுமாரையே அனுப்பி வாங்கிக்கிருச்சு!" என்று நால்வரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

குதித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் மலையைக் காணோம். பள்ளத்திலிருந்து எழும்பிய மூடுபனி மொத்தத்தையும் மறைத்திருந்தது. டீ குடித்துவிட்டு வந்த சபாபதி, "அவ்வளவுதான் சார், போயிருச்சு. இனி நின்னு பிரயோசனமில்லை, கிளம்புங்க" என்றார்.

"பாத்தியா, சொன்ன சொல்லுக்குக் கிளம்பிருச்சு! நமக்கு முன்னால போய்ச் சேந்துட்டா வாசல்ல வரவேற்க ஆளிருக்காதே!" என்று பதறினார் வெயிலுமுத்து.

உடனே ஊருக்குப் போன் போனது. பொட்டலை ஒழித்து வையுங்கள், ஆடு மாடுகளை வேறிடத்தில் கட்டுங்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள், மலை வந்துகொண்டிருக்கிறது. தட்டையாபுரம் சொன்னபடியே செய்தது. பொட்டலைப் பெருக்கிக் கோலம் போட்டு, வாழைமரம் கட்டி, ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். மலை வரவில்லை.

"டிக்கெட் கிடைச்சிருக்காது. இம்புட்டுக் கூட்டத்துல நமக்கே ஒக்கார எடமில்ல" என்று தவசி சமாதானம் சொன்னான்.

கார்த்திகை தீபம் வந்தே விட்டது. முதல்நாள் பெய்த மழையில் விடியும்போது ஊரை மூடுபனி அப்பியிருந்தது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. வெயிலுமுத்து செல்லக்கிளியின் முகத்தைப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்கினார். காத்தான் கத்தியும் கிண்ணமுமாக வந்து நின்றான்.

தவசிக்குத் திடீரென்று பொறி தட்டியது. "அண்ணே! அங்க மலை இருந்த இடத்துல என்ன இருந்துச்சு? பனி. இங்க இப்ப என்ன இருக்கு? பனி. மலை உள்ளதான் நிக்கிது!"

நால்வரும் பனிக்குள் புகுந்து நடந்தார்கள். வரப்பு, ஓடை, மறுபடியும் வரப்பு. ரொம்ப தூரம் போனபின் தரை மெல்ல மேலே ஏறியது. பாறை! படி! வெயிலுமுத்து கண்ணில் நீர் வழிய, பாறையைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே உச்சிக்கு ஏறினார்.

உச்சியில் கொப்பரையைத் துடைத்துக்கொண்டிருந்தார் சடையாண்டி.

"வாங்க அண்ணே! எங்களுக்கு முன்னாலயே எங்க மலையைப் பாக்க வந்துட்டீகளா!" என்று வெயிலுமுத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"யோவ், இது எங்க மலைய்யா! இந்தா முருகன் கோயில் இருக்குல்ல!"

"இமயமலை வந்தா முருகன் வராம இருப்பாரா?" என்றான் தவசி. "அவரே ஒரு பழத்துக்காக அங்கருந்து கோவிச்சுக்கிட்டு வந்தவருதான?"

கோயில் படியில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு, யாரோ வைத்துவிட்டுப் போன வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது.

"அண்ணே, அதே குரங்கு! நாம வச்ச வெத்தலையை இன்னும் மென்னுக்கிட்டிருக்கு!" என்று காத்தான் அலறினான்.

சாட்சி பலமாகிவிட்டது. வெயிலுமுத்து நிதானமாகக் கேட்டார். "இது எங்க மலை. குரங்கே சொல்லிருச்சு. சரி, உங்க மலை எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

சடையாண்டி கிழக்கே பார்த்தார். பனி கொஞ்சம் விலகியிருந்தது, வயல்தான் தெரிந்தது. மேற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். பிறந்ததிலிருந்து தினமும் வீட்டு வாசலில் நின்று பார்த்த மலையை எந்தப் பக்கமும் காணோம். அவர் முகம் வெளிறிப்போனது.

"அடப்பாவிகளா... எங்க மலை எங்கடா போச்சு?" என்று அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அறிவு மொட்டைப்பாறையிலும் அப்படியொன்றும் மலையாகக் குவிந்து கிடக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்க, காத்தான் கிண்ணத்தில் நுரை கிளப்பினான். இமயமலை வரை போய்வந்த கத்தி கடைசியில் சடையாண்டியின் மீசைக்கு வேலை செய்தது.

அன்று மாலை தீபம் ஏற்றியது வெயிலுமுத்துதான். செல்லக்கிளி மீசையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். மலை ஊரைவிட்டு ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது என்று மட்டும் கேட்டாள். "தூரத்துலருந்து வேகமா வருது, நெனச்ச எடத்துல நிக்க முடியுமா?" என்றார், தவசியிடம் முன்பே கேட்டு வைத்திருந்த வெயிலுமுத்து.

சடையாண்டியைப் பார்த்தால் வெயிலுமுத்துவுக்கே பாவமாக இருந்தது. "அண்ணே, அழுகாதீக. தேவதார்கட்டுக்கு ரயிலேறுங்க, அங்க நெறையக் கெடக்கு. தேர்வடம் வேணாம். வெத்தலை பாக்கு மட்டும் மறந்துராதீக" என்று வழி சொல்லி அனுப்பினார்.

சடையாண்டி போனார். பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று, மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். துக்கம் தாங்காமல் கத்திவிட்டார்.

"என் மீசை போச்சே!"

"என் மீசை போச்சே!" என்றது மலை.

சடையாண்டி தன் அழுகையை நிறுத்தினார். எதிரே நின்ற மொட்டை மலையை மேலும் கீழும் பார்த்தார். மனம் இளகி, "அடப்பாவமே, உங்களுக்குமா?" என்று கேட்டார்.

மலையும் அவரை அதையே கேட்டது.