சிவப்பு இலைக்குப் பயந்த கீரி

பிரிட்டனில் ஓர் ஓக் காடு. காட்டு நடுவே ஒரு குளம். குளத்தின் மேல் ஒற்றைப் பாலம். அந்தப் பாலத்தில் தினமும் வண்டி ஓட்டிப் போனது ஒரு கீரி.

பிரிட்டனில் கீரி எப்படி என்று கேட்பீர்கள். ஆனைமலையில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் ஏறி, கொஞ்சம் கண்ணயர்ந்தது. விழித்துப் பார்த்தால் கப்பல் கரை சேர்ந்துவிட்டது. அதன் பெயர் செங்கோடன்.

அணில்களுக்கு ஓக் கொட்டை ஏற்றிப் போவதுதான் செங்கோடனின் பிழைப்பு. அதற்கு உரிமம் வேண்டும். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் அது உரிமம் வாங்கியது. தப்பாக ஓட்டினால் ஆந்தை அதிகாரி வண்டியில் சிவப்பு இலை ஒட்டிவிடுவார். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு ஆறு இலை சேர்ந்தால் உரிமம் போச்சு. உரிமம் போனால் சோறும் போச்சு.

ஒரு மாலை, செங்கோடன் பாலத்தில் ஏறும்போது எதிர்க்கரையில் முள்ளெலி டோரிஸ் அம்மாளின் காளான் வண்டி வந்து நின்றது. செங்கோடன் தன் மின்மினி விளக்கை இரண்டு தடவை மினுக்கியது.

ஆனைமலை ரோட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "நான் வர்றேன், நீ நில்லு!"

ஓக் காட்டில் அதற்கு நேர் எதிர் அர்த்தம். "நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள்."

ஆகா, எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று டோரிஸ் அம்மாள் கை தூக்கி நன்றி காட்டிவிட்டு வண்டியை விட்டார். நடுப்பாலத்தில் டமார்!

காளான் கூடை குளத்தில் விழுந்தது. டோரிஸ் அம்மாள் பந்தாகச் சுருண்டு பாலத்தில் உருண்டார். செங்கோடன் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நத்தை ஓட்டு ஹாரனைப் பாம் பாம் என்று அழுத்திவிட்டது. நிமிர்ந்தால், கிளையில் ஆந்தை அதிகாரி! அவர் கண் பளிச்சென்று ஒரு முறை மூடித் திறந்தது.

படம் பிடித்துவிட்டார்! செங்கோடன் வண்டியைப் பின்னால் எடுத்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பெரணிப் புதருக்குள் வண்டியை ஒளித்துவைத்துவிட்டு வளைக்குள் புகுந்துகொண்டது.

விடிந்ததும் மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தது. வண்டி முழுக்கச் சிவப்பு இலை! கூரையில் இலை, சக்கரத்தில் இலை, ஹாரனுக்குள்கூட ஓர் இலை.

"போச்சு! உரிமம் போச்சு!" என்று அது தலையில் அடித்துக்கொண்டது.

பக்கத்து மரத்தில் இருந்த பச்சைக்கிளி சின்னான் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னானும் ஆனைமலைதான். கூண்டில் வந்து, பூட்டைத் திறந்து தப்பித்தது. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசும்.

"மாப்ள, இது இலையுதிர் காலம். மேல பாரு. காடு பூராவுமா லைசென்ஸ் போயிருச்சு?"

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்த இலை எது, ஒட்டிய இலை எது என்று எப்படித் தெரியும்? அது ஊரெல்லாம் விசாரிக்கப் போனது. தன் கதை என்று சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவர் பாலத்தில் இடித்துவிட்டார், அவருக்கு எத்தனை இலை என்று கேட்டது. அவரும் கீரியா என்று அணில்கள் கேட்டன. அந்தக் காட்டில் இருந்ததே ஒரே கீரி! ஆறு இலை நிச்சயம் என்றது வாத்து. வண்டியையே நசுக்கிவிடுவார்கள் என்றது அகழெலி. வாலையும் பிடுங்குவார்கள் என்று ஆந்தைக் குரலில் சொல்லிப் பறந்துபோனது சின்னான்.

செங்கோடன் சாப்பிடவில்லை. ஓர் இலை விழுந்தால் துள்ளி எழுந்தது. கொட்டை வராததால் அணில்கள் வேறு வண்டி தேடத் தொடங்கின.

ஒரு நாள் மழை தூறியது. ஆனைமலைத் தூறல் மாதிரியே இருந்தது. செங்கோடனுக்குப் பழைய ரோடு கண்முன் வந்தது. கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஹாரன், பஸ்ஸுக்கு ஒரு சத்தம், லாரிக்கு ஒரு சத்தம். அங்கேயும் வண்டிகள் உரசும். உடனே கரடி ராக்கியண்ணன் லாரியிலிருந்து இறங்கித் திட்டுவார். காடே அதிரும். ஆனால் திட்டு முடிந்தால் எல்லாம் முடிந்தது. இங்கே யாரும் திட்டுவதுகூட இல்லையே!

"சின்னா, ராக்கியண்ணன் மாதிரி ஒரு தடவை பேசேன். கேக்கணும்போல இருக்கு."

சின்னானுக்குக் கேட்கவா வேண்டும்? தொண்டையைக் கனைத்தது. சிறகை இடுப்பில் வைத்துக்கொண்டது.

"ஏனப்பா, கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கே? ரோடு என்ன உங்கொப்பன் தோட்டமா?" என்று உறுமியது. பிறகு, ராக்கியண்ணன் எப்போதும் செய்வதுபோல, குரல் அப்படியே இறங்கியது. "அடி கிடி பட்டுச்சா கண்ணு? எங்க, கையைக் காட்டு. சரி வா, டீ குடிக்கலாம்."

செங்கோடன் சிரித்தது. பிறகு நிறுத்திவிட்டது.

திட்டை நினைவில் வைத்திருந்தது. அதற்கு அப்புறம் வரும் கேள்வியை மறந்தேபோயிருந்தது. டோரிஸ் அம்மாள் உருண்டாரே, எழுந்தாரா?

மழையோடு மழையாக அது ஓடியது. டோரிஸ் அம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு.

"மன்னிக்க வேண்டும், அன்று நான்தான் அவசரப்பட்டு..." என்று அவர் தொடங்கினார். யார் மேல் தப்பு என்றாலும் முதலில் மன்னிப்புக் கேட்பது அந்தக் காட்டு வழக்கம்.

"இல்லீங்கம்மா. தப்பு எம்மேலதானுங்க. ரொம்ப அடிபட்டுருச்சுங்களா?"

டோரிஸ் அம்மாளின் முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"கால் சுளுக்கு! இரண்டு முள் உடைந்தது! அதுகூடப் போகட்டும். கீழே கிடக்கிறவளைப் பார்த்து ஹாரன் அடித்தாயே, அது என்ன பழக்கம்? விளக்கு மினுக்கி வரச்சொல்லி இடிப்பது என்ன பழக்கம்?"

செங்கோடன் தலையைக் குனிந்து முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டது. கண்ணில் நீர், முகத்தில் சிரிப்பு. விளக்குக்கு ஆனைமலை அர்த்தம் என்ன என்று சொன்னதும் டோரிஸ் அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ளே வா. தேநீர் போட்டிருக்கிறேன்."

அந்தத் தேநீரில் செங்கோடன் தூங்கிவந்த பெட்டியின் வாசம் அடித்தது.

மறுநாள் அது தானாகவே ஆந்தை அதிகாரியிடம் போனது. அவர் முழுக்கக் கேட்டார்.

"இடித்ததற்கு இலை இல்லை. அர்த்தம் தெரியாமல் நடந்தது. நிற்காமல் ஓடியதற்கு ஐந்து இலை. நீயாக வந்ததால் ஐந்தோடு விட்டேன்."

"அன்னைக்கே படம் புடிச்சிட்டீங்களே ஐயா?"

"படமா? கண்ணில் தூசி விழுந்தது," என்றார் ஆந்தை.

சும்மா இருந்திருந்தால் ஓர் இலைகூடக் கிடையாதே என்று சின்னான் வழியெல்லாம் கிண்டல் செய்தது. சும்மா இருந்தபோது காட்டிலிருந்த இலை எல்லாம் என்மேல்தானே விழுந்தது என்றது செங்கோடன். அன்றிலிருந்து பாலம் வந்தால் அது விளக்கைத் தொடுவதே இல்லை. வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "நீங்க வாங்க அம்மா" என்று கத்தும்.

தவறு செய்துவிட்டால், நமக்கு என்ன தண்டனை என்று பயப்படும் முன், நம்மால் யாருக்கு அடிபட்டது என்று நின்று கேட்க வேண்டும்.